எறும்பைக் காணோம்: மலிவு மேக்ரோவில் எது கெட்டால் எங்கே பார்ப்பது

முதல் நாள் நான் எடுத்த நூற்றுச் சொச்சம் படங்களில் ஒன்றில்கூட எறும்பு இல்லை. மாவிலை இருந்தது. என் கட்டைவிரல் இருந்தது. எறும்பு இருந்திருக்க வேண்டிய இடத்தில் செம்பழுப்பாக ஒரு தீற்றல் இருந்தது. கேமராவோடு வந்த 18-55 (மி.மீ. குவியத் தூரம்) ஜூம் லென்ஸைக் கழற்றித் திருப்பிப் பிடித்தால் அதுவே, சின்னப் பொருளைப் பெரிதாக எடுக்கும் மேக்ரோ லென்ஸ் ஆகிவிடும் என்று கேள்விப்பட்டு இறங்கியவன் நான். கேள்விப்பட்டது பொய் இல்லை, ஆனால் பாதிதான்.

மீதிப் பாதியைக் கோளாறு வாரியாக இங்கே எழுதியிருக்கிறேன். உங்கள் படத்தில் தெரியும் குறை எதுவோ, அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம். மனதில் வைத்திருப்பது நான்கு விதமான ஒட்டுவேலைகளை: லென்ஸைத் தலைகீழாக மாட்ட உதவும் ரிவர்ஸ் ரிங், கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவே சொருகும் எக்ஸ்டென்ஷன் டியூப் (கடையில் வாங்கியதோ, பிவிசி குழாயில் செய்ததோ), ஜூம் லென்ஸின் முகத்தில் இன்னொரு லென்ஸைத் தலைகீழாகப் பொருத்துவது, செல்போனில் ஒட்டும் குட்டி லென்ஸ். ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். கீழே வரும் கோளாறுகளில் பெரும்பாலானவற்றுக்கு லென்ஸ் பொறுப்பில்லை, வெளிச்சம்தான் பொறுப்பு. அதனால் அந்தப் பகுதி மட்டும் நீளமாக இருக்கும்.

## எதிலும் கை வைக்கும் முன்: ஒரு ஸ்கேல்

பள்ளிக்கூட ஸ்கேல் ஒன்றைப் படமெடுங்கள். படத்தின் அகலத்துக்குள் எத்தனை மில்லிமீட்டர் கோடுகள் விழுகின்றன என்று எண்ணுங்கள். இந்த வகைக் கேமராக்களில் வழக்கமாக இருக்கும், படத்தைப் பதியும் ஏபிஎஸ்-சி சென்சாரின் அகலம் கேனானில் சுமார் 22 மி.மீ., நிக்கானில் சுமார் 23.5 மி.மீ. அதே அளவு கோடுகள் தெரிந்தால் உங்கள் உருப்பெருக்கம் 1 மடங்கு. ஏழெட்டுக் கோடுகள்தான் தெரிகின்றன என்றால் 3 மடங்கு.

இந்த எண் தெரியாமல் வேறு எதையும் சரிசெய்ய முடியாது, ஏனென்றால் 1 மடங்கில் சரியான வைத்தியம் 3 மடங்கில் விஷம். திருப்பி மாட்டிய ஜூம் லென்ஸில் எல்லாமே தலைகீழ் என்பதையும் நினைவில் வையுங்கள். 55-இல் வைத்தால் ஏறக்குறைய 1 மடங்கு. 18-க்குக் கொண்டுபோனால் 3 மடங்கைத் தாண்டும். புதிதாக வருகிறவர்கள் ஆசையில் 18-இல் தொடங்கி மனம் உடைகிறார்கள். 55-இல் தொடங்குங்கள்.

## லென்ஸைத் திருப்பி மாட்டியதும் கேமரா கிளிக் ஆக மறுக்கிறது

லென்ஸே இல்லை என்று கேமரா நினைக்கிறது. அதன் பார்வையில் அது சரிதான், மின் இணைப்பு உள்ள பக்கம் இப்போது வெளியே பார்த்துக்கொண்டிருக்கிறது. கேனானில் அபர்ச்சர் (லென்ஸுக்குள் ஒளி நுழையும் துளை) அளவு இருக்க வேண்டிய இடத்தில் 00 என்று காட்டும், ஆனால் ஏவி (துளையை மட்டும் நீங்கள் முடிவுசெய்வது), எம் (எல்லாமே நீங்கள்) இரண்டு முறையிலும் படம் எடுக்கும். நிக்கானின் விலை குறைந்த கேமராக்கள் எம் முறையில் மட்டும்தான் ஒத்துழைக்கும். ஒளி அளவீடும் இருக்காது, நீங்களே எடுத்துப் பார்த்துக் கூட்டிக் குறைக்க வேண்டும். உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் வகைக் கேமராவானால் மெனுவில் 'லென்ஸ் இல்லாமல் ஷட்டர்' என்ற பொருளில் ஓர் அமைப்பு ஒளிந்திருக்கும். அதைத் திறந்துவிட்டால் போதும்.

## வியூஃபைண்டரில் ஒரே இருட்டு

நிக்கான் ஜி வகை லென்ஸாக இருக்கும். கேமராவை விட்டுக் கழற்றியதும் அதன் அபர்ச்சர் முழுக்க மூடிக்கொள்ளும். லென்ஸின் பின்பக்கம், அதாவது இப்போது பூச்சியைப் பார்க்கும் பக்கத்தில், ஒரு சின்ன உலோக நெம்பு இருக்கிறது. அதை விரலால் நகர்த்தினால் உள்ளே அபர்ச்சரின் இதழ்கள் விரிவது தெரியும். மடித்த அட்டைத் துண்டு ஒன்றைச் செருகி அதைப் பாதித் திறப்பில் நிறுத்துங்கள். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டை இதற்கு அளவெடுத்துச் செய்தது போல இருக்கும்.

அபர்ச்சரைத் திருப்ப லென்ஸிலேயே வளையம் உள்ள ஃபிலிம் காலத்து லென்ஸ் வீட்டில் கிடந்தால் இந்தத் தொல்லை ஏதும் இல்லை. அப்பாவின் பீரோவைக் குடைந்து பாருங்கள். இந்த வேலைக்குப் புது லென்ஸைவிட அதுவே உசத்தி.

## வெளிச்சமாகத் தெரிகிறது, ஆனால் ஒரு மயிரிழைதான் தெளிவு

இது கேனான்காரர்களின் கோளாறு. அங்கே கழற்றிய லென்ஸ் முழுக்கத் திறந்தே நிற்கும். வழி உண்டு: லென்ஸை முறைப்படி மாட்டி, ஏவி முறையில் எஃப் 8 வையுங்கள் (எஃப் எண் கூடக் கூடத் துளை சிறுக்கும்). டெப்த் ஆஃப் ஃபீல்ட் பொத்தானை (படம் எடுக்கும் முன்பே துளையை மூடிக் காட்டுவது) அழுத்தியபடியே, விடாமல், லென்ஸைக் கழற்றுங்கள். இதழ்கள் எஃப் 8-லேயே நின்றுவிடும். முதல் முறை செய்யும்போது கேமராவுக்கு ஏதோ துரோகம் செய்வது போலத் தோன்றும், ஒன்றும் ஆகாது. பொத்தான் இல்லாத கேமரா என்றால் வேறு பொத்தானுக்கு அந்த வேலையை ஒதுக்க மெனுவில் வழி இருக்கிறதா என்று பாருங்கள்.

இதழ்கள் மூடிய பிறகும் தெளிவு மெல்லியதாகத்தான் இருக்கும், அதையும் தெரிந்துகொள்ளுங்கள். 1 மடங்கில் எஃப் 8 வைத்தால் தெளிவாக விழும் ஆழம் அரை மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம். 3 மடங்கில் ஒரு மில்லிமீட்டரில் ஏழில் ஒரு பங்கு. எறும்பின் கண் தெளிவாக இருந்தால் உணர்கொம்பின் நுனி மங்கத்தான் செய்யும். இதைக் கோளாறு என்று சொல்ல முடியாது, கணக்கே அப்படி. பூச்சியைப் பக்கவாட்டில் பிடித்தால் உடல் முழுவதும் ஒரே தளத்தில் விழும். நேருக்கு நேர் என்றால் கண்ணை மட்டும் குறிவையுங்கள். கண் மங்கி, கால் தெளிவாக இருக்கும் படத்தை யாரும் இரண்டாம் முறை பார்ப்பதில்லை.

## வளையத்தைத் திருகித் திருகிப் பார்த்தும் எதுவும் தெரியவில்லை

திருகுவதை விடுங்கள். திருப்பி மாட்டிய லென்ஸில் ஃபோகஸ் வளையம் பேருக்குத்தான் இருக்கிறது. தெளிவு விழும் தூரம் கிட்டத்தட்ட நிரந்தரம், லென்ஸின் விளிம்பிலிருந்து 4, 5 செ.மீ. அந்த இடத்துக்கு நீங்கள்தான் போக வேண்டும். ஒரு முழம் தள்ளி நின்று தேடினால் நாள் முழுக்கப் பனிமூட்டம்தான். லென்ஸை இலையில் முட்டும் அளவுக்குக் கொண்டுபோய், அங்கிருந்து மெதுவாகப் பின்னால் வாருங்கள். திடீரென்று இலை நரம்பு எழுந்து வரும். அங்கே மூச்சை நிறுத்துங்கள்.

எக்ஸ்டென்ஷன் டியூபில் இதன் மறுபக்கம் நடக்கும்: லென்ஸ் இலையில் முட்டியும் தெளிவு வராது. 18-இல் வைத்த ஜூமுக்குப் பின்னால் 28 மி.மீ. டியூப் போட்டால் தெளிவு விழும் இடம் லென்ஸின் கண்ணாடிக்கு உள்ளேயே போய்விடும். எறும்பு உள்ளே வந்து நிற்குமா? ஜூமை 55-க்குக் கொண்டுபோங்கள், அல்லது 50 மி.மீ. லென்ஸ் போடுங்கள். கணக்கு எளிது: டியூபின் நீளத்தை லென்ஸின் குவியத் தூரத்தால் வகுத்தால், டியூபினால் கூடும் உருப்பெருக்கம் வரும். 50 லென்ஸுக்கு 50 மி.மீ. டியூப் என்றால் 1 மடங்கு.

## எங்குமே கூர்மை இல்லை

இதற்கு மூன்று வெவ்வேறு காரணங்கள், மூன்றும் முதல் பார்வைக்கு ஒன்றாகவே தெரியும். பிரித்தறிய 500 ரூபாய் நோட்டு ஒன்றை எடுங்கள். காந்தி படத்துக்கு அருகே 'பாரத்', 'இந்தியா' என்று நுண்ணெழுத்து இருக்கும். நோட்டைச் சற்றுச் சாய்த்து வைத்து எடுத்து, திரையில் பெரிதாக்கிப் பாருங்கள்.

எங்கோ ஒரு பட்டையில் எழுத்து பளிச்சென்று இருக்கிறதா? அப்படியானால் லென்ஸ் நன்றாகத்தான் இருக்கிறது, நீங்கள் குறி தவறியிருக்கிறீர்கள். ஆட்டோஃபோகஸை மறந்துவிட்டு, முன்னும் பின்னும் அரிசி அளவு அசைந்தபடி தொடர்ச்சியாக ஐந்தாறு படம் எடுங்கள். ஒன்று தேறும். பத்தில் ஒன்று தேறினால் உங்களுக்குக் கை நன்றாகவே பழகியிருக்கிறது என்று அர்த்தம்.

எழுத்தின் விளிம்புகள் ஒரே திசையில் இரட்டையாக இழுபடுகின்றனவா? அசைவு. வீட்டுக்குள் என்றால் முதலில் மின்விசிறியை நிறுத்துங்கள். சிரிக்காதீர்கள், நான் ஒரு வாரம் ட்ரைபாடைச் சந்தேகப்பட்டேன், ஆட்டியது விசிறிக் காற்று. ட்ரைபாடில் வைத்தும் அதிர்கிறது என்றால் லைவ் வியூவில் (பின்திரையில் பார்த்து எடுக்கும் முறை) போட்டு, 2 வினாடி டைமர் வையுங்கள். கேமராவுக்குள் கண்ணாடி எழும்பி அடிக்கும் அதிர்வு தணிந்துவிடும். வெளியே என்றால் இலைக்காம்பை இடது கையால் பிடித்து, அதே கையின் மேல் லென்ஸை ஊன்றுங்கள். இரண்டும் சேர்ந்தே ஆடும், சேர்ந்து ஆடினால் ஆடாததற்குச் சமம். கிளையே துள்ளும் காற்றானால் மண்ணில் ஒரு குச்சியை நட்டு, துணிக் கிளிப்பால் காம்பைக் கவ்வ விடுங்கள்.

எந்த இடத்திலும் கூர்மை இல்லை, எல்லாமே ஒரே சீராக, வெந்த கிழங்கு போல மசமசவென்று இருக்கிறதா? அபர்ச்சரை அளவுக்கு மீறி மூடியிருக்கிறீர்கள். துளை சிறுத்தால் ஆழம் கூடும் என்று எல்லோரும் எஃப் 22-க்கு ஓடுகிறோம். ஆனால் லென்ஸ் சென்சாரை விட்டு விலக விலக, துளை எழுதியிருப்பதைவிடச் சிறியதாகவே நடந்துகொள்ளும். உருப்பெருக்கத்தோடு ஒன்றைக் கூட்டி, அதால் எஃப் எண்ணைப் பெருக்குங்கள். 1 மடங்கில் எஃப் 8 என்பது எஃப் 16 ஆகிறது. 3 மடங்கில் அதே எஃப் 8, எஃப் 32. அவ்வளவு சின்னத் துளையில் ஒளி விளிம்பில் மோதிச் சிதறி நுணுக்கத்தைத் தின்றுவிடும். திருப்பி மாட்டிய லென்ஸில் இந்தக் கணக்கு சற்று முன்னே பின்னே இருக்கும், போக்கு அதேதான். 1 மடங்குக்கு எஃப் 8 முதல் 11 வரை, 3 மடங்குக்கு எஃப் 4 முதல் 5.6 வரை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், சீராக மங்கல் மட்டும் இல்லாமல் பால் ஊற்றியது போல வெளுப்பும் சேர்ந்திருந்தால் லென்ஸின் பின் கண்ணாடியைத் துடையுங்கள். வழக்கமாக உள்ளே பத்திரமாக இருக்கும் கண்ணாடி அது, இப்போது வெளியே வந்து உங்கள் விரல்ரேகையை வாங்கிக்கொண்டிருக்கும்.

## ஃப்ளாஷ் போட்டால் ஒரு பக்கம் இருட்டு, மறுபக்கம் எண்ணெய் வழிகிறது

ஆள் அதிகம் விழும் பள்ளம் இது. மேலே சொன்ன கணக்கின் மறுபக்கம் வெளிச்சக் குறைவு: 1 மடங்கிலேயே சென்சாருக்கு வரும் ஒளி நான்கில் ஒரு பங்காகிவிடும். அதனால் உச்சி வெயிலைத் தவிர மற்ற நேரங்களில் ஃப்ளாஷ் இல்லாமல் காலம் தள்ள முடியாது. ஆனால் கேமராவின் தலையில் எழும்பும் ஃப்ளாஷ் எதிரே பார்க்கிறது, பூச்சியோ லென்ஸின் மூக்குக்குக் கீழே இருக்கிறது. லென்ஸின் நிழல்தான் பூச்சி மேல் விழும். தப்பித்து வரும் ஒளியும் ஊசி முனை போன்ற சிறு இடத்திலிருந்து வருவதால், வண்டின் முதுகில் வெள்ளைப் புள்ளியாக வெடிக்கும்.

இரண்டு வேலை செய்ய வேண்டும். ஒளியை முன்னால் கொண்டுவர வேண்டும்; பிறகு அதைப் பரப்ப வேண்டும்.

கொண்டுவருவதற்கு, உருளை டப்பாவில் வரும் உருளைக்கிழங்கு சிப்ஸைத் தின்று தீருங்கள். டப்பாவின் உட்புறம் வெள்ளிப் பூச்சு. அடிப்பகுதியை வெட்டி, ஒரு முனையை ஃப்ளாஷின் வாய் நுழையும்படி நறுக்கி, மறுமுனை லென்ஸின் விளிம்பு வரை வந்து கீழே சாயும்படி வைத்தால், ஒளி அதற்குள் குழாய்த் தண்ணீர் மாதிரி ஓடி வரும். அட்டைப்பெட்டியும், பாக்கெட் சிப்ஸின் உட்புறமும் இருந்தாலும் இதே வேலையைச் செய்யலாம், என்ன, சற்று அசிங்கமாக இருக்கும்.

பரப்புவதற்கு டிஃப்யூசர். இதில்தான் என் நேரம் முழுக்கப் போயிருக்கிறது, போனது வீணுமில்லை. விதி ஒன்றுதான்: பூச்சி இருக்கும் இடத்திலிருந்து பார்த்தால் வெள்ளைப் பரப்பு வானம் போல விரிந்திருக்க வேண்டும். பெரிய டிஃப்யூசரைத் தூரத்தில் வைப்பதும் சின்னதை ஒட்டி வைப்பதும் பூச்சிக்கு ஒன்றே. ஆகவே உள்ளங்கை அளவு போதும், ஆனால் லென்ஸின் மூக்கில் கட்டி, பூச்சியின் தலைக்கு மேல் கூரை போலத் தொங்க வேண்டும். ஃப்ளாஷின் வாயிலேயே டிஷ்யூ காகிதத்தை ஒட்டிவிட்டு மென்மை வரவில்லை என்கிறவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள். அப்படி ஒட்டினால் ஒளி வரும் இடத்தின் அளவு மாறுவதில்லை, வெளிச்சம் மட்டும்தான் குறைகிறது.

பொருள்கள்: ஆப்பிளையும் புது டிவியையும் சுற்றி வரும் மெல்லிய வெள்ளை நுரைத்தாள் முதல் தரம். பழைய வேட்டித் துணி இரண்டு மடிப்பு நன்றாக இருக்கும். பட்டர் பேப்பர் சுமார். கொஞ்சம் மஞ்சளடிக்கும், ஒரு வெள்ளைத் தாளைப் படமெடுத்து ஒயிட் பேலன்ஸ் வைத்தால் சரியாகும். ஒரே தாளைத் தடிப்பாக வைப்பதைவிட, இரண்டு மெல்லிய தாள்களுக்கு நடுவே ஒரு விரற்கடை இடைவெளி விடுவது மேல். முதல் தாளில் விழும் வட்டம் இரண்டாவதற்குப் போவதற்குள் விரிந்துவிடும். ஃப்ளாஷை முழுச் சக்தியில் வைத்துத் துணியை அதன் முகத்தோடு ஒட்டாதீர்கள், கருகும்.

சரியாக வந்ததா என்று எப்படித் தெரியும்? தாவும் சிலந்தியின் முன் இரண்டு கண்களையும் பெரிதாக்கிப் பாருங்கள். அதில் உங்கள் டிஃப்யூசரின் உருவம் அப்படியே தெரியும். ஊசிப் புள்ளி தெரிந்தால் டிஃப்யூசர் இன்னும் சிறியதாகவோ தூரத்திலோ இருக்கிறது என்று அர்த்தம். நடுவில் மட்டும் பிரகாசமான வட்டம் என்றால் பரவல் போதவில்லை. விளிம்பு வரை சீராக மங்கிச் செல்லும் வெண்பரப்பு தெரிந்தால், எந்த லென்ஸில் எடுத்தீர்கள் என்று கேட்க ஆள் வரும்.

தொடக்க அளவுகள்: எம் முறை, ஷட்டர் 1/160, ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்) 200 அல்லது 400, ஃப்ளாஷை மேனுவலில் 1/8. இருட்டாக வந்தால் ஐஎஸ்ஓவை ஏற்றுங்கள், ஃப்ளாஷின் சக்தியை அல்ல. சக்தி குறைவாக இருக்கும்போது ஃப்ளாஷ் எரியும் நேரமும் மிகச் சிறுத்துவிடும். கை நடுக்கம், எறும்பின் ஓட்டம் இரண்டையும் உறைய வைப்பது அந்தச் சிறு வெட்டுதான், உங்கள் ஷட்டர் வேகம் அல்ல.

## படத்தின் ஓரத்தில் கறுப்புப் பட்டை

தனியாக வாங்கிய மலிவு ஃப்ளாஷ், ஷட்டர் 1/250-ஐத் தாண்டியிருக்கும். ஃப்ளாஷ் எரியும் கணத்தில் ஷட்டரின் இரண்டாம் திரை படத்தின் ஒரு பகுதியை மூடத் தொடங்கிவிட்டது. 1/160-க்கு இறக்குங்கள்.

## பூச்சி அருமை, பின்னால் அமாவாசை

ஒளி தூரத்தின் இருமடியில் குறையும். டிஃப்யூசரிலிருந்து எறும்பு 5 செ.மீ., பின்னால் இருக்கும் செடி 50 செ.மீ. என்றால் செடிக்குக் கிடைப்பது நூறில் ஒரு பங்கு. பின்னால் ஓர் இலையைக் கொண்டுவந்து வைப்பதுதான் சுலபம், பூச்சிக்குப் பின்னால் நான்கு விரல் தூரத்தில். இலை இல்லையா, பச்சை நிறச் சட்டை போட்ட நண்பரை உட்கார வையுங்கள். அல்லது ஷட்டரை 1/60-க்கு இறக்கி, ஐஎஸ்ஓவை ஏற்றி, வானத்தின் இயற்கை வெளிச்சத்தையும் கொஞ்சம் உள்ளே விடலாம். கை நடுங்காதவர்களுக்கு மட்டும்.

## நடுவில் வெளுத்த வட்டம்

பிவிசி டியூப் செய்தவர்களுக்கே உரியது. குழாயின் உட்சுவரில் ஒளி பட்டுத் தெறிக்கிறது. கறுப்பு சார்ட் பேப்பரைச் சுருட்டி உள்ளே வைத்துவிட்டு, கறுப்புதானே என்று இருந்துவிடுவோம். ஓரமாகச் சாய்ந்து வரும் ஒளிக்கு அந்தத் தாள் பளபளப்பான கறுப்புத்தான். வெல்வெட் துணி ஒட்டுங்கள். தையல்கடையில் துண்டு விழுந்தது கிடைக்கும். கரும்பலகைப் பெயின்டும் நன்று.

இரண்டு எச்சரிக்கைகள், இரண்டும் பட்டுத் தெரிந்துகொண்டது. உப்புத்தாள் சொரசொரப்பாகக் கறுப்பாக இருக்கிறதே என்று அதை ஒட்டினால், மணல் உதிர்ந்து சென்சார் மேல் உட்காரும். சூப்பர் குளூ போட்டு ஒட்டிய கையோடு லென்ஸை மாட்டினால், அதன் ஆவி கண்ணாடியில் வெள்ளைப் படலமாகப் படியும். ஒரு நாள் காற்றாட விட்டு, குழாயை அலசிக் காயவைத்து, பிறகு மாட்டுங்கள்.

## நான்கு மூலையும் கறுப்பு

ஜூம் லென்ஸின் முகத்தில் இன்னொன்றைத் திருப்பி மாட்டியவர்களுக்கு வரும். 200-இல் வைத்த ஜூமின் முன்னால் 50 லென்ஸைத் திருப்பி வைத்தால் 4 மடங்கு கிடைக்கும், அதே ஜூமை 70-க்கு இறக்கினால் முன் லென்ஸின் சுவரே படத்தில் விழும். ஜூமை ஏற்றுங்கள். முன் லென்ஸின் அபர்ச்சரை முழுக்கத் திறந்து வைத்து, பின் லென்ஸில் மட்டும் கூட்டிக் குறையுங்கள்.

## விளிம்பெல்லாம் ஊதா

ஒற்றைக் கண்ணாடி பூதக்கண்ணாடியையோ மலிவு +10 க்ளோஸ்-அப் ஃபில்டரையோ லென்ஸ் முன்னால் வைத்திருக்கிறீர்கள். ஒரே ஒரு கண்ணாடியால் எல்லா நிறங்களையும் ஒரே புள்ளியில் குவிக்க முடியாது. பூச்சியை நடுவில் வையுங்கள், அபர்ச்சரைக் கொஞ்சம் மூடுங்கள், மிச்ச ஊதாவைக் கணினியில் குறையுங்கள். கொஞ்சம் காசு சேர்ந்தால் ரேனாக்ஸ் டிசிஆர்-250 போன்ற, பல கண்ணாடிகளைச் சேர்த்துச் செய்த லென்ஸ் நல்ல மாற்று. அதுவரை திருப்பி மாட்டிய பழைய 50-ஐ அடித்துக்கொள்ள ஆளில்லை.

நானும் ஒருமுறை வாட்ச் ரிப்பேர் கடையில் கண்ணில் மாட்டும் லென்ஸ் வாங்கப் போனேன். "என்ன தம்பி, தொழில் கத்துக்கப் போறீங்களா?" என்றார் கடைக்காரர். "இல்லண்ணே, எறும்பு பார்க்க" என்றேன். மேலும் கீழும் பார்த்துவிட்டுப் பத்து ரூபாய் குறைத்துக்கொண்டார். ஊதா குறையவில்லை.

## எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் சாம்பல் புள்ளி

சென்சாரில் தூசி. லென்ஸைத் தோட்டத்தில் நின்று மாற்றியதற்கான வரி. ரப்பர் ஊதுகுமிழால், கேமராவைக் கவிழ்த்துப் பிடித்து ஊதுங்கள். வாயால் ஊதாதீர்கள், தூசி போய் எச்சில் வரும்.

## செல்போனில்: வட்டமாகத் தெரிகிறது, ஓரம் மங்கல், நிழல் விழுகிறது

பழைய டிவிடி டிரைவிலோ லேசர் பாயின்டரிலோ இருக்கும் குட்டி லென்ஸைக் கேமரா மேல் ஒட்டுவது நல்ல விளையாட்டு. டிரைவை மின்சாரத்தில் சொருகாமல் பிரியுங்கள், அது மட்டும் கட்டாயம். லென்ஸ் ஒரு பக்கம் சரியாக வராவிட்டால் திருப்பி வையுங்கள். படம் வட்டமாகச் சுருங்கினால் லென்ஸ் மையம் தவறியிருக்கிறது, அல்லது போன் தானாகவே வேறு கேமராவுக்குத் தாவியிருக்கிறது. கிட்டே போனதும் அகலக் கேமராவுக்கு மாறுவது பல போன்களின் வழக்கம். ப்ரோ முறையில் ஒரே கேமராவைப் பூட்டுங்கள். ஓரம் மங்குவதைத் தடுக்க முடியாது, நடுப்பகுதியை வெட்டிக்கொள்ளுங்கள்.

தெளிவு விழும் தூரம் சில மில்லிமீட்டர்தான் என்பதால் போனின் நிழலே பொருளை மூடும். இரண்டு டம்ளர்களுக்கு மேல் கண்ணாடித் துண்டை வைத்து, அதன் மேல் பொருளை வைத்து, கீழிருந்தும் பக்கத்திலிருந்தும் டார்ச் அடியுங்கள். போனையும் கையில் பிடிக்காமல் புத்தக அடுக்குகளின் மேல் பாலம் போலக் கிடத்துங்கள். ஃபோகஸ் செய்ய போனை அசைக்கவே வேண்டாம்: பொருளுக்கு அடியில் தாள்களை ஒவ்வொன்றாகச் செருகுங்கள். சாதாரண ஏ4 தாளின் தடிமன் ஏறக்குறைய 0.1 மி.மீ.; இதைவிட மலிவாக நுண் திருகு கிடைக்காது. பழகுவதற்குக் கசகசா எடுத்துக்கொள்ளுங்கள். குழம்பில் அரைத்துப் போட்டே பழகிய நமக்கு, அந்த விதையின் மேல் தேன்கூடு போன்ற வலைப்பின்னல் இருப்பது தெரியாது.

## பல படங்களை அடுக்கினால் கொம்பு இரண்டாகிறது

ஆழம் போதாமல் ஃபோகஸை நகர்த்தி நகர்த்தி எடுத்து, பிக்கோலே போன்ற இலவச மென்பொருளில் ஒன்று சேர்ப்பவர்களுக்கு. கொம்பு இரண்டானால் பூச்சி நடுவில் அசைந்திருக்கிறது. அந்தப் படங்களை நீக்கிவிட்டு மறுபடி அடுக்குங்கள். தெளிவும் மங்கலும் வரிவரியாக வந்தால் ஃபோகஸை நகர்த்திய படிகள் பெரிது. அசையும் உயிரை விட்டுவிட்டுக் கசகசாவிலேயே கொஞ்ச நாள் இருங்கள்.

## பூச்சி நிற்க மாட்டேன் என்கிறது

பத்து மணி வெயிலில் போனால் அது நிற்காது. சூடு ஏறினால்தான் பூச்சிக்கு ஓட்டம். விடியற்காலையில், குறிப்பாக மார்கழியில், தட்டான்கள் பனித்துளி போர்த்திக்கொண்டு குச்சி நுனியில் மரத்துப்போய் உட்கார்ந்திருக்கும். கோயில் பாட்டு கேட்கும் நேரத்துக்குப் போய்விடுங்கள், ஏழரைக்குள் வேலை முடிய வேண்டும். பக்கவாட்டில் அசைந்தபடி நெருங்காதீர்கள், நேராக, மெதுவாக. உங்கள் நிழல் அதன் மேல் விழக் கூடாது. பூச்சியை டப்பாவில் பிடித்துக் குளிர்பெட்டியில் வைத்து எடுக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. எனக்கு அது பிடிப்பதில்லை. படத்திலும் கால்கள் மடங்கி, பிணக்களை வந்துவிடும்.

முசுறு எறும்புக்கு மட்டும் இந்த விதிகள் செல்லாது. அது எப்போதும் ஓடும், கடிக்கவும் செய்யும். கிளையில் அவை வரிசையாகப் போகும் பாதையில் ஓரிடத்தைத் தேர்ந்து, முன்கூட்டியே அங்கே ஃபோகஸ் வைத்துக் காத்திருங்கள். துரத்துவது பயனற்றது. கழுத்துப் பட்டையை மூடிக்கொண்டு நில்லுங்கள்.

## படம் தெளிவாக இருக்கிறது, ஆனால் எறும்புக்கு எட்டுக் கால்

கோளாறு இல்லை. முசுறு போலவே வேடமிட்டு, அவற்றின் அருகிலேயே திரியும் ஒரு தாவும் சிலந்தி நம் ஊரில் உண்டு. உடம்பில் இரண்டு இடுப்பு, அதே செம்பழுப்பு, முன்னங்கால் இரண்டையும் உணர்கொம்பு போலத் தூக்கி ஆட்டிக்கொண்டே நடக்கும். ஆணாக இருந்தால் தாடை முன்னால் நீண்டு, எறும்பு இன்னொரு எறும்பைத் தூக்கிக்கொண்டு போவது போல இருக்கும். நானும் அதை எறும்பு என்றே பெயரிட்டு வைத்திருந்தேன், ஒரு வருடம் கழித்து டிஃப்யூசர் எப்படி விழுந்திருக்கிறது என்று பார்க்கக் கண்களைப் பெரிதாக்கும் வரை. முகத்தின் நடுவில், முன்னால் பார்க்கும் இரண்டு பெரிய கண்கள். மறுபடி தென்பட்டால் கண்ணில் ஃபோகஸ் வைத்து உடனே அழுத்துங்கள், ஏனென்றால் மிரண்டால் இது தாவிவிடக் கூடும்.